காதில் வெட்டு இருக்கிறதா, பாருங்கள்

லண்டனிலிருந்தோ டொரண்டோவிலிருந்தோ வந்து சென்னையில் பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் பக்கம் வீடு பிடிப்பவர்கள் முதல் மாதத்திலேயே ஒருமுறையாவது விலங்குக் காப்பகத்துக்குப் போன் போட்டுவிடுகிறார்கள். "எங்க தெருவுல எட்டு நாய் அநாதையா சுத்துது, வந்து தூக்கிட்டுப் போங்க." நீங்கள் இருந்த ஊரில் தனியாக நிற்கும் நாய் தொலைந்துபோன நாயாக இருக்கலாம். இங்கே அந்த எட்டுக்கும் பேர் இருக்கும். முனையில் இருக்கும் டீக்கடை அண்ணனைக் கேளுங்கள்: "அது மணி, அது கறுப்பி, நொண்டுதே, அது ஆட்டோ ஸ்டாண்டு நாய்ணா." காலையில் பொறை போடுவதே அவர்தான்.

இங்கே காப்பகம் என்பது ஆஸ்பத்திரி மாதிரி. அடிபட்டது, நோய் கண்டது, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு வந்தது எல்லாம் சில நாள் இருந்துவிட்டுத் திரும்பும். 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. வெறிநோய் உள்ளவை, ஆக்ரோஷமானவை மட்டும் விலக்கு. அதே ஆண்டு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்தவற்றைத் திரும்ப விடக் கூடாது என்று உத்தரவு வந்ததால், காப்பகங்களில் இடநெருக்கடி இன்னும் கூடிவிட்டது. 2024 கணக்கெடுப்பின்படி சென்னையில் தெருநாய்கள் ஏறத்தாழ 1.81 லட்சம். எந்தக் கூண்டு தாங்கும்? ஊசி போட்ட எட்டை அப்புறப்படுத்தினாலும், அதே கறிக்கடைக் கழிவுக்கும் மீன் குப்பைக்கும் ஊசி போடாத வேறு எட்டு வந்து சேரும்.

அதனால் முதலில் காதைப் பாருங்கள். காது நுனியில் சின்ன வெட்டு இருந்தால் ஆபரேஷன் முடிந்தது என்று பொருள். இல்லையென்றால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதியலாம். "நாய்த் தொல்லை" என்று மட்டும் சொன்னால் வேலைக்கு ஆகாது. தெருப் பெயர், எத்தனை நாய், என்ன நிறம், எந்த நேரத்தில் எங்கே படுத்திருக்கும், யார் சோறு வைக்கிறார்கள் என்பதைச் சொல்லுங்கள். வண்டி வரும்போது சோறு வைப்பவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தெரியாத ஆள் வலையோடு ஒருமுறை துரத்திவிட்டால் போதும், அப்புறம் ஒரு வாரத்துக்கு வண்டிச் சத்தம் கேட்டாலே தெரு காலியாகிவிடும். மடி கனத்துப் பால் சுரக்கும் பெட்டையை அன்றைக்கு விட்டுவிடச் சொல்லுங்கள், குட்டிகள் எங்காவது லாரிக்கு அடியில் இருக்கும். திரும்ப விடும்போதும் அதே தெருதான், அதே கம்பம்தான். அடுத்த தெருவில் இறக்கிவிட்டால் அங்கே இருக்கும் நாய்கள் கடித்துக் குதறிவிடும். அந்தக் காயத்தில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். புழு வைத்த காயத்தில் பினாயில் ஊற்றுகிற வழக்கம் இந்தப் பக்கம் உண்டு. தோல் வெந்துபோகும். ஊற்றாதீர்கள், காப்பகத்துக்குச் சொல்லுங்கள்.

நன்கொடை கொடுக்க நினைப்பவர்கள் பெயர்ப்பலகையைவிடத் தரையைப் பார்த்துக் கொடுப்பது நல்லது. காப்பகத்தில் நாய் செத்துப்போவதற்குப் பெரிய காரணம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும் நோய். பழைய கூண்டுகளில் சாக்கடை ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் புகுந்து போகும். முதல் நாயின் கழிவு கடைசி நாய்வரை ஓடும். திருத்திக் கட்டும்போது 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம் வைத்து, வடிகாலைக் கூண்டுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். வெடிப்பில்லாத சிமெண்ட் பூச்சு அவசியம், வெடிப்புக்குள், குட்டிகளை வாந்தி பேதியில் கொல்லும் பார்வோ என்ற வைரஸ் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். புதிதாக வரும் குட்டிக்கு 14 நாள் தனி அறை, தனிக் கிண்ணம், தனித் துடைப்பம். பார்வோவைச் சாதாரணப் பினாயில் கொல்லாது. பூனைக்கோ பினாயில் விஷம். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியபின், துணிக்குப் போடும் திரவ பிளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து ஊற்றி 10 நிமிடம் ஊற விட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் பலனில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்துவைத்தால், நம் கடற்காற்றுக்கு சீக்கிரமே வீரியம் போய்விடும்.

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொளத்தூர் என்றால் மழைத்தண்ணீர் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எந்த உயரம் வந்தது என்று சுவரில் கறை இருக்கும். கூண்டுத் தரையும் மருந்து ஃப்ரிட்ஜும் அதற்கு மேலே இருக்க வேண்டும். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கரண்ட் போனால் ஐஸ் பெட்டிக்கு மாற்றலாம், ஆனால் ஐஸ்கட்டி மேல் நேராக வைத்தால் உறைந்து கெட்டுவிடும். மிக்ஜாமின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி கூழைக்கடாக்கள் வரை அதில் நனைந்தன. எண்ணெய் பட்ட நாயோ பூனையோ கிடைத்தால் முதலில் அது தன்னை நக்காமல் தடுக்க வேண்டும். சமையல் எண்ணெய் தடவி இளக்கி, அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுங்கள்.

கூடமாட உதவ நினைப்பவர்கள் குட்டியை வீட்டில் வைத்து வளர்த்துக் கொடுக்கலாம். கண் திறக்காத குட்டிக்கு 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பால், ராத்திரியும்தான். மாட்டுப்பால் கொடுத்தால் வயிறு போகும். குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவு வாங்குங்கள். குட்டி சில்லிட்டிருந்தால் முதலில் சூடாக்குங்கள், பால் பிறகு. குளிர்ந்த உடம்புக்குப் பால் செரிக்காது, பசிக்கிறதே என்று அவசரப்பட்டுக் கொடுத்துத்தான் பல குட்டிகள் போகின்றன. மல்லாக்கப் போட்டுப் புகட்டக் கூடாது, நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

சோறு வைக்கிறவர்கள் பக்கத்து வீட்டு வாசலிலும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் வைக்காதீர்கள். தெருக்காரர்களோடும் மாநகராட்சியோடும் பேசி ஓர் ஓரமான இடம் குறித்துக்கொள்ளுங்கள். தெருச்சண்டை பாதி இதில்தான் தொடங்குகிறது.

கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அதே நாளில் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குப் போனால் ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாள்கள். ரத்தம் வந்த காயத்துக்கு இதோடு காயத்தைச் சுற்றிப் போடும் சீரமும் வேண்டும், கேட்டு வாங்குங்கள். மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு, அது தவறு.

சொந்த நாயைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம். தீபாவளி சரவெடிக்குப் பழகாத நாய் கதவு திறந்தால் ஓடிவிடும். அதன் மைக்ரோசிப்புக்கான பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் இப்போது நீங்கள் எடுக்காத அந்தப் பழைய வெளிநாட்டு போன் எண். அதை மாற்றிவிட்டு, கழுத்துப்பட்டையிலும் இந்த ஊர் எண்ணை எழுதிவையுங்கள்.