விற்கிறவர் எங்கே உட்காருவது?

நான் உள்ளமைப்பு வரைந்து கொடுத்த ஒரு ஸ்னீக்கர் கடையின் வரைபடத்திலிருந்து, விற்பவர் உட்காரும் அந்த ஸ்டூலை எடுத்தது சரிதான் என்று வாதாட இப்போதும் என்னிடம் காரணங்கள் இருக்கின்றன. ஆனாலும் அந்தப் பெரியவரின் கேள்விக்கு நான் சொன்ன பதில் மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கிறது.

எந்த ஸ்டூல் என்று பழைய செருப்புக் கடைகளுக்குப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பாதி உட்காரும் பலகை, மறுபாதி முன்பக்கம் சரிந்து இறங்கும். விற்பவர் அதில் உட்கார்ந்து, நம் காலைச் சரிவில் வைக்கச் சொல்லி, மாட்டிவிட்டு, பெருவிரல் முனையை அழுத்திப் பார்த்து, "ஒரு நம்பர் கூட்டிப் போடலாம்ணே" என்பார். அந்தப் பெரியவர் மதுரை மாசி வீதிப் பக்கம் ஒரு கடையில் பாதி ஆயுளை அப்படித்தான் கழித்திருக்கிறார். அவர் மகன்தான் அண்ணா நகரில் இந்த ஸ்னீக்கர் கடையைத் திறந்தவர்.

முதல் சந்திப்பிலேயே அந்தக் கடைக்காரத் தம்பி சொன்னது ஒன்றுதான். "யாரும் யார் காலடியிலயும் உக்காரக் கூடாதுக்கா. எங்கப்பா உக்காந்தது போதும்."

இதைவிடத் தெளிவாக யாரும் என்னிடம் வேலை சொன்னதில்லை. மற்றதெல்லாம் பழகிய வேலை. வெளிச்சம் 3000 கெல்வினில், அதாவது மஞ்சள் சாயலில் இருந்தால் வெள்ளை அடிப்பாகம் பழுப்பேறியதுபோல் தெரியும் என்று, இன்னும் வெண்மையான 4000க்குப் போனோம்; நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான அளவான சிஆர்ஐ 90க்குக் குறையாத விளக்குகள். கடை மேற்குப் பார்த்தது, சாயங்கால வெயில் நேராக விழும்; அதனால் கண்ணாடியை ஒட்டி எதையும் வைக்காமல் அடுக்குகளை உள்ளே தள்ளினோம். 1985இல் நைக்கி கொண்டுவந்த முதல் ஏர் ஜோர்டான் ஸ்னீக்கரின் வழிவந்தவற்றுக்குத் தம்பி தனிச் சுவர் கேட்டார், கொடுத்தேன். நடுவில் 18 அங்குல உயரத்தில் ஒரு நீள பெஞ்சு. வாங்குபவர் உட்காரலாம், தானே மாட்டலாம், தானே லேஸ் கட்டலாம். வரப்போவது பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். தன் லேஸை இன்னொருவர் கட்டிவிடுவதை அவர்களே விரும்பமாட்டார்கள். இந்தக் கணக்கில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் பெரியவர் வந்தார். அடுக்குகளைத் தடவிப் பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தார். "எல்லாம் நல்லாருக்கும்மா. வேலை பாக்குற பையன் எங்க உக்காருவான்?"

கல்லாவுக்குப் பின்னால் நாற்காலி போட்டிருப்பதைக் காட்டினேன். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று ஆக்கியதையும் சொன்னேன். நாளெல்லாம் கடையில் வேலை பார்த்தவர், சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"கல்லாகிட்ட சரிம்மா. இங்கிட்டு?"

"இங்கிட்டு உக்கார வேண்டிய அவசியம் வராதுங்கய்யா. போடுறவங்களே போட்டுக்குவாங்க."

"வராதா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. விளக்கைப் பார்க்கப் போய்விட்டார்.

திறந்த பிறகு படம் எடுக்கப் போயிருந்தேன். ஓர் அம்மா பேரனோடு வந்தார். முட்டிவலி, நடக்க மெத்தென்று ஏதாவது வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்தவரால் குனிய முடியவில்லை. கடையில் இருந்த இளைஞர் ஒரு நொடி சுற்றிலும் பார்த்தார். பிறகு வெறும் டைல்ஸ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த அம்மாவின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

பெரியவர் தன் காலத்தில் ஓர் அடி உயரத்திலாவது உட்கார்ந்திருந்தார். அந்த ஸ்டூல் காலடி மட்டுமில்லை, விற்பவருக்கு அந்தக் கடையில் இருந்த ஒரே இருக்கையும் அதுதான். "வராதா?" என்று கேட்டபோது அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

உடனே இன்னொரு பக்கமும் தோன்றும். அந்த இளைஞரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. தன் அப்பத்தாவுக்குச் செய்வதுபோலத்தான் செய்தார். பெரியவர்கள் காலைத் தொடுவதில் நம் ஊரில் யாருக்கும் குறைவில்லை. ஆனால் சம்பளத்துக்குத் தொடும்போதும் அது அப்படியேதான் இருக்கிறதா? மதுரையைச் சுற்றிய கிராமங்களில், ஊர்த்தெருவைக் கடக்கும்போது தலித் மக்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்த காலம் ரொம்பத் தள்ளி இல்லை. காலும் செருப்பும் சேர்ந்த இடத்தில் யார் மேலே, யார் கீழே என்பது இங்கே வெறும் உயரக் கணக்காக இருந்ததில்லை. தம்பி கேட்டதற்குப் பின்னால் அவ்வளவு பாரம் இருந்தது. அவசரத்துக்கு ஒரு ஸ்டூல் இருக்கட்டும் என்று போட்டிருந்தால், ஒரு மாதத்தில் எல்லோருக்கும் அதில் உட்கார்ந்து மாட்டிவிடுவதே வழக்கமாகியிருக்கும். கடைகளில் வழக்கம் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும்.

அந்த அம்மா போன பிறகு இளைஞரிடமே கேட்டேன், ஒரு சின்ன ஸ்டூல் இருந்தால் நன்றாக இருக்குமா என்று.

"வேணாங்கா. அது கெடந்தா வர்ற எல்லாருக்கும் உக்காரணும். இப்ப நானாப் பாத்துத்தான் உக்காருறேன்."

நான் நினைத்ததையே அவர் வாயால் கேட்டேன். நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் கேட்டபோது தம்பி பக்கத்திலேயே நின்று பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தனியாகக் கேட்டிருந்தாலும் இதையே சொல்லியிருப்பாரா? அவர் பேசியது தனக்காகவா, முதலாளி காதில் விழுவதற்காகவா?

சரிவு இல்லாமல், யார் வேண்டுமானாலும் இழுத்துப் போட்டு உட்காரும்படி, உருளை வைத்த குட்டையான ஸ்டூல் ஒன்றை வரைந்து வைத்திருக்கிறேன். தம்பிக்கு இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் அவர் வேண்டாம் என்று சொல்லமாட்டார், அப்பா சொன்னதை நான் ஒத்துக்கொண்டதாக மட்டும் எடுத்துக்கொள்வார். அதை நான் ஒத்துக்கொள்கிறேனா என்பது எனக்கே இன்னும் முடிவாகவில்லை.