தோடி காந்தாரத்தில் பதினொரு மாதம்

சத்தியமங்கலத்தில் பதினாறு ஆண்டுகளாக வயலின் சொல்லிக் கொடுத்து வருகிறேன். இப்போது பத்தொன்பது பேர் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களில் மூத்தவள் பூந்தோட்டக்காரர் வீட்டுப் பெண். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மல்லிகைப் பருவத்தில் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து வீட்டாரோடு பூப்பறித்துவிட்டு, ஏழு மணிக்கு வயலின் பெட்டியுடன் என் வீட்டு வாசலில் நிற்பாள். வர்ணம் எனும் உருப்படிகளை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், பிசகாமல் வாசிப்பவள். சென்ற ஆண்டு பங்குனியில் ஒருநாள் தோடி ராகத்தை விரித்து வாசிக்கும் ஆலாபனையைப் பாதியில் நிறுத்திவிட்டு, "மிஸ், பாடினால் வருகிறது, வாசித்தால் வரமாட்டேன் என்கிறது. எங்கே தப்பு?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. "இன்னும் சாதகம் செய் கண்ணு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரவு கதவைச் சாத்திக்கொண்டு அதே பிடியை, ராகத்தின் அந்தச் சிறு தொடரை, நான் பாடினேன், பிறகு வாசித்தேன். அவளிடம் கேட்ட அதே குறை என் வாசிப்பிலும் இருந்தது. என்னிடமிருந்துதான் அது அவளுக்குப் போயிருக்கிறது.

கோவையில் ஒரு சபை மே மாதக் கடைசியில் எல்லோர் முன்னிலையிலும் ஒவ்வொருவரையும் வாசிக்கவைத்துத் திருத்தும் மாஸ்டர் கிளாஸை நான்கு நாள் நடத்துவதாக அந்தச் சமயத்தில்தான் தெரியவந்தது. நடத்தவிருந்தவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மேடையில் இருக்கும் மூத்த வித்வான். முன்னால் அமர்ந்து வாசிக்க எட்டுப் பேருக்கு மட்டுமே இடம். மற்றவர்கள் இருந்து கேட்கலாம். ஒரு வர்ணம் இரண்டு காலத்தில், ஓர் ஆலாபனை, மொத்தம் பத்து நிமிடம் பதிவு செய்து அனுப்ப வேண்டும். பைரவி அடதாள வர்ணத்தையும் தோடியையும் அனுப்பினேன். எனக்கு நன்றாக வருகிற கல்யாணி ராகத்தை அனுப்பியிருந்தால் பாராட்டு கிடைத்திருக்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில்.

இடம் கிடைத்தது. மூன்றாம் நாள் காலையில் என் முறை. காலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால் புளியம்பட்டி, அன்னூர் வழியாக ஏழரை மணிக்குள் காந்திபுரம் போய்விடலாம். நான்கு நாளும் அப்படித்தான் போய் வந்தேன். தங்கள் முறை அன்றைக்கு மட்டும் வந்து வாசித்துவிட்டுக் கிளம்பியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காக வருத்தப்படுகிறேன். எனக்குக் கிடைத்ததில் பாதிக்கு மேல் மற்றவர்களுக்குச் சொல்லப்பட்டவற்றிலிருந்து வந்தது. முன்னால் உட்கார்ந்திருக்கும்போது உடல் பதறுகிறது, காது பாதி அடைத்துக்கொள்கிறது. இன்னொருவர் அங்கே இருக்கும்போது, வாசித்ததும் திருத்தியதும் திருத்திய பின் மாறியதும் தெளிவாகக் கேட்கின்றன.

முதல் நாள் வாசித்தவர் இருபது வயதுப் பையன். கற்பனை ஸ்வரத்தில் தாளக் கணக்கு மழையாகப் பொழிந்தது. வித்வான் கணக்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வெறும் தந்தியை, விரல் வைக்காமல், இழுக்கச் சொன்னார். வில்லின் அடிப்பகுதியில் ஓசை கரகரத்தது, நுனியில் மெலிந்தது. வில் போகும் வேகம், தந்தியின் மேல் அது இறக்கும் பாரம், தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு எவ்வளவு அருகில் உரசுகிறது என்கிற இடம், இந்த மூன்றையும் தனித்தனியாக மாற்றிக் காட்டினார். குதிரையை நெருங்கினால் வில் மெதுவாகப் போகவேண்டும், பாரம் கூடவேண்டும். விரற்பலகைப் பக்கம் நகர்ந்தால் வேகம் கூடிப் பாரம் குறையவேண்டும். இதை அறியாமல் எல்லா இடத்திலும் ஒரேயடியாக அழுத்துகிறவர்கள் வயலினில் மைக் பொருத்தியதும் கரகரப்பையும் சேர்த்துத்தான் பெருக்குகிறார்கள். அந்தப் பையனுக்கான நேரம் முழுவதும் வெறும் தந்தியிலேயே கழிந்தது. அவன் முகம் வாடியதைப் பார்த்தேன். கடைசி இரண்டு நிமிடத்தில் அவன் வில்லிலிருந்து வந்த நாதத்தையும் கேட்டேன்.

ஐரோப்பிய இசையில் இப்படி எல்லோர் முன்னும் திருத்தும் முறைக்கு நீண்ட வழக்கம் உண்டு. புகழ்பெற்ற வயலின் கலைஞர் யாஷா ஹைஃபெட்ஸ் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எடுத்த வகுப்புகள் 1962-இல் படமாக்கப்பட்டன. அவ்வளவு பெரிய கலைஞர் மாணவர்களிடம் ஸ்வர வரிசைகளைத்தான் விடாமல் வலியுறுத்தினார். நமக்குத் தொடக்கப் பாடமான சரளி வரிசை போல அது அவர்களுக்கு.

இரண்டாம் நாள் ஒரு பக்கவாத்தியக் கலைஞருக்கு நடந்த வகுப்பை மறக்க முடியாது. வித்வான் ஓர் அடியையே பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலைப் பாடினார், அந்தக் கலைஞர் வயலினில் பின்தொடர்ந்தார். நல்ல வாசிப்பு என்றுதான் நான் நினைத்தேன். வித்வான் பாட்டை நிறுத்தி, "அம்மா, நான் என்ன சொல் பாடினேன்?" என்று கேட்டார். அந்தக் கலைஞருக்குச் சொல்ல வரவில்லை. ஸ்வரத்தை மட்டுமே பிடித்திருந்தார். பாடுகிறவர் சொல்லை எங்கே பிரிக்கிறாரோ அங்கே வில் திரும்ப வேண்டும், ஒரே சொல்லுக்குள் ஓடும் அசைவு ஒரே வில்லுக்குள் அடங்க வேண்டும் என்று சொல்லி, ஓர் அடியை எட்டுத் தடவை வாசிக்க வைத்தார். ஏழாவது தடவை வயலினில் சொல் கேட்டது. என் பக்கத்தில் இருந்த முதியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் என்னுடைய முறை. வர்ணம் தடையில்லாமல் போயிற்று; தலையசைத்தார். தோடியில் நாலாவது பிடியில் கையை உயர்த்தினார். "வில்லைக் கீழே வையுங்கள். இதையே பாடுங்கள்" என்றார். நாற்பது பேர் முன்னால் நான் பாடியதே இல்லை. தயங்கித் தயங்கிப் பாடினேன். "உங்கள் குரலுக்குத் தோடி தெரிந்திருக்கிறது. இப்போது என் பக்கம் பார்க்காமல், உங்கள் வலது கையைப் பார்த்துக்கொண்டு வாசியுங்கள்" என்றார்.

அப்போதுதான் கண்டேன். தோடியின் மூன்றாம் ஸ்வரமான காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் ஸ்வரம் கிடையாது. கீழே உள்ள ரிஷபத்தை ஒட்டிய இடத்திலிருந்து எழுந்து மேலே உள்ள மத்திமத்தைத் தொட்டுத் திரும்பும் அசைவுதான் அந்தக் காந்தாரம். பாடும்போது என் குரல் சீரான ஒரே மூச்சில் அதைச் செய்தது. வாசிக்கும்போது இடது கை விரல் மேலேறும் ஒவ்வொரு முறையும் வலது கையும் சேர்ந்து துடித்தது. கமகம் என்கிற அந்த அசைவு விரலில் இருக்க வேண்டியது வில்லிலும் ஏறிக்கொண்டிருந்தது. பாட்டில் ஒரு கோடாக ஓடியது, வயலினில் துண்டு துண்டாக வெட்டுப்பட்டது. இதைத்தான் அந்தப் பெண், பாடினால் வருகிறது என்று சொல்லியிருக்கிறாள்.

அவர் கொடுத்த மருந்து எளியது. முதலில் வெறும் தந்தியில் எட்டு நொடிக்கு ஒரு வில். நாதம் அடியிலிருந்து நுனிவரை ஒரே தடிமனாக வரவேண்டும். அது வந்த பிறகு அதே எட்டு நொடி வில்லில் காந்தாரத்தை இரண்டே இரண்டு அசைவாக, மிக மெதுவாக. விரல் மட்டும் வழுக்காமல் மணிக்கட்டும் கூடவே நகர வேண்டும். வில்லுக்கு இடது கை செய்வது தெரியவே கூடாது. "ஆறு மாதம் தோடியை வாசிக்காதீர்கள். காந்தாரத்தை மட்டும் வாசியுங்கள்" என்றார். அனுமதி பெற்றுச் செய்த பதிவில் பார்த்தால் எனக்குக் கிடைத்த நேரம் பதினொரு நிமிடம் நாற்பது நொடி.

நான்காம் நாள் இரவு பஸ்ஸில் அந்தப் பதிவை மூன்று முறை கேட்டேன். நாற்பத்திரண்டு வயதில், பதினாறு ஆண்டுகளாக ஆசிரியராக இருந்தவள், வெறும் தந்திக்குத் திரும்ப வேண்டும். அச்சமாக இருந்தது, மறைக்கவில்லை.

வீட்டில் சாதகத்துக்காக வயலினை என் குரலுக்கு ஒத்த ஐந்து கட்டைச் சுருதிக்கு ஏற்றிக்கொண்டேன். ஒவ்வொரு பிடியையும் முதலில் பாட வேண்டும், பிறகே வில். காலை நாலரை மணி முதல் ஐந்தரை மணி வரை. பூ மார்க்கெட்டுக்குப் போகும் வண்டிகளின் சத்தத்தோடு அந்த ஒரு மணி நேரம் கழியும். வலப் பக்கம் ஒரு நிலைக்கண்ணாடி. வில் குதிரைக்கு இணையாகப் போகிறதா என்று அதில்தான் தெரியும். ஜூன் மாதம் எட்டு நொடி. ஜூலையில் பன்னிரண்டு. ஆகஸ்ட் முடிவதற்குள் பதினாறு நொடிக்கு ஒரு வில்லை நடுங்காமல் இழுக்க முடிந்தது. எழுதும்போது இது எளிதாகத் தெரிகிறது. பன்னிரண்டிலிருந்து பதினாறுக்குப் போக முப்பத்தெட்டு நாள் ஆயிற்று. நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

இடையில் என் பழைய வாசிப்பும் கலைந்தது. ஆடி மாதம் ஓர் ஊர்க்கோயிலில் பக்கவாத்தியம் வாசித்தபோது பழைய கை ஒரு பக்கம், புதிய கை ஒரு பக்கம் இழுத்து எதுவும் ஒழுங்காக வரவில்லை. பாடிய அம்மா இறங்கி வந்து, "உடம்பு சரியில்லையா?" என்று பரிவோடு கேட்டார். பழக்கத்தை மாற்றுகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் காலம் வரும். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். முடிந்தால் அந்த மூன்று நான்கு மாதங்களுக்குக் கச்சேரி ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மாலை வேளைகளில் கேட்கும் பயிற்சி. வயலின் மேதைகளான லால்குடி ஜெயராமன், எம்.எஸ்.கோபாலகிருஷ்ணன், டி.என்.கிருஷ்ணன் மூவரின் பதிவுகளையும் காணொளிகளையும் எடுத்து, வலது கையை மட்டும் கவனித்தேன். லால்குடியின் வில்லில் சாகித்தியம், அதாவது பாட்டின் சொல், பேசும். பரூர் எனப்படும் வயலின் பாணியில் வந்த எம்.எஸ்.ஜி.யின் நீண்ட வில் எந்த வேகத்திலும் அறுபடுவதில்லை. டி.என்.கிருஷ்ணனிடம் ஒரு நாதம் மற்றொன்றுக்குள் சத்தமே இல்லாமல் நுழையும். மூன்று பேரும் மூன்று வழி, மூவரிடமும் வில் துடிப்பதில்லை. வில் ஏறினால் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி, இறங்கினால் கீழ்நோக்கி ஒன்று என்று நோட்டில் போட்டுக்கொண்டே போனேன். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் காலத்தில் நம் இசைக்குள் வந்த வெளிநாட்டுக் கருவி இது. வயலினின் தலைப்பக்கச் சுருளை வலது காலில் ஊன்றி, தரையில் அமர்ந்து, இடது கையை முழுவதுமாக விடுவித்துக்கொண்டு நம் முன்னோர் அதற்குக் குரல் கொடுத்தார்கள். அந்தக் குரலை என் வலது கை இத்தனை காலம் நறுக்கிக்கொண்டிருந்தது என்று நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு விடியலில் காந்தாரம் வந்தது. அதற்கு முந்தைய நாள்வரை இல்லாதது அன்று இருந்தது. அரை மணி நேரம் அதை மட்டுமே வாசித்துக்கொண்டிருந்தேன்.

இனி, கற்பித்தலில் நான் செய்த மாற்றத்தைச் சொல்ல வேண்டும். முதலில் தவறாகத்தான் தொடங்கினேன். ஜூன் மாதமே, கோவையில் பார்த்ததுபோல, சனிக்கிழமைகளில் எல்லோரையும் உட்கார வைத்து ஒருவரை முன்னால் வாசிக்கச் செய்தேன். பதின்மூன்று வயதுப் பையனை நான்கு இடங்களில் நிறுத்தித் திருத்தினேன். அடுத்த இரண்டு வாரம் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். "எல்லாரும் பார்த்தார்கள் மிஸ்" என்றான். அவன் சொன்னது நியாயம். முப்பது ஆண்டு வாசித்தவர்கள் விரும்பிப் போய் ஏற்றுக்கொள்ளும் திருத்தத்தை ஒரு குழந்தையின் தலையில் ஏற்றியது என் பிழை. மன்னிப்புக் கேட்டேன், திரும்பி வந்தான்.

இப்போது சனிக்கிழமை வகுப்பில் முன்னால் உட்கார விரும்புகிறவர் மட்டும் உட்காரலாம். ஒருவருக்கு ஒரே ஒரு திருத்தம். வாசிக்கும் முன் பாட வேண்டும், குரல் எப்படி இருந்தாலும். கேட்கிறவர்கள் நோட்டில் மற்றவருக்குச் சொன்னதை எழுதி, அடுத்த வாரம் தங்கள் கையில் செய்து காட்ட வேண்டும். சொன்ன திருத்தத்தைத் தினமும் பதினைந்து நிமிடம் செய்யும் பயிற்சியாக மாற்றிக் கொடுப்பது என் பொறுப்பு. அதைச் செய்யாமல் பிள்ளையை அனுப்புவதில்லை.

பெற்றோர் சிலருக்குப் பிடிக்கவில்லை. "ஏனுங்க டீச்சர், போன வருடமே வர்ணம் வாசித்தவள் இப்போது மறுபடியும் வெறும் கம்பியை இழுத்துக்கொண்டிருக்கிறாளே" என்று பூந்தோட்டக்காரரே வந்து கேட்டார். அவரை உட்கார வைத்து, மகளை எட்டு நொடி வில் இழுக்கச் சொன்னேன். பிறகு சென்ற ஆண்டுப் பதிவை அவருக்குப் போட்டுக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இது நல்லா இருக்குதுங்க" என்றார்.

இப்படிப்பட்ட வகுப்புக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தந்தியை இரண்டு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். புதுத் தந்தி இழுபட்டுச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். கோடை வறட்சியில் மரம் சுருங்கி, தந்தியை முறுக்கும் பிருடை நழுவும். சிறிது சாக்குக்கட்டித் தூள் கையில் இருக்கட்டும். ஒரே நாளில் பதினைந்து பேரை ஆளுக்கு ஐந்து நிமிடம் உட்கார வைத்துச் சான்றிதழ் கொடுக்கும் வகுப்புகள் பெருகிவிட்டன. அங்கே கொடுக்கும் பணத்துக்கு நல்ல வில் ஒன்று வாங்கலாம்.

வருகிற மே மாத வகுப்புக்கு அந்தப் பெண் தோடியையே பதிவு செய்து அனுப்பினாள். இடம் கிடைத்திருக்கிறது. நான் கேட்பவர்கள் வரிசையில் பணம் கட்டியிருக்கிறேன். ஐந்து மணி பஸ்ஸுக்கு அவள் நான்கே முக்காலுக்குள் நிலையத்தில் இருக்க வேண்டும். அந்த நான்கு நாளும் அவள் பங்குப் பூவைத் தானே பறித்துவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருக்கிறார்.