கிரிம்ஸ்பியில் இல்லாத கிரிம்ஸ்பி

சனிக்கிழமை தொடக்கம் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் திறக்கிறார்கள். உள்ளே இருப்பது அக்கா வாங்கிவந்த புகையூட்டிய ஹடொக் மீன். அது அக்கா வீட்டுப் பெட்டியில் இல்லாமல் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பதற்குக் காரணம், அத்தான் அதைத் தம் வாசற்படி தாண்ட விடவில்லை என்பதே. உதைபந்தாட்டம் பார்க்கப் போனவர்கள் ஒரு கிழமைக்குப் போதுமான மீனோடு எப்படித் திரும்பினார்கள் என்று என் மனைவி கேட்டுக்கொண்டேயிருக்கிறாள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை சொல்வதென்றால் அத்தானின் பயண ஆலோசனையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

மகன் பார்னெட் உதைபந்தாட்ட அணியின் ரசிகன். அதற்குக் காரணம் பக்தியன்று, நடைதூரம். 2013 இல் அந்தக் கழகம் வட லண்டனிலுள்ள தன் சொந்த ஊரான பார்னெட்டின் அண்டர்ஹில் மைதானத்தை விட்டுவிட்டு, எங்கள் ஹரோ எல்லைக்குள் கனன்ஸ் பார்க் பக்கமாக இருக்கும் ஹைவ் மைதானத்துக்குக் குடிவந்தது. பழைய ரசிகர்கள் அதை மீண்டும் பார்னெட்டுக்கே கொண்டுபோக வேண்டும் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மகனோ அந்தப் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். 2025 இல் அணி தேசிய லீக்கில் முதலிடம் பெற்று மீண்டும் நான்காம் பிரிவான லீக் டூவுக்கு ஏறியதிலிருந்து, வெளியூர் ஆட்டம் ஒன்றைப் பார்த்தே தீரவேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். அவன் தேர்ந்தெடுத்தது இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள கிரிம்ஸ்பி. கடற்கரை என்றதும் அக்கா தானும் வருவதாகச் சொன்னாள். அக்கா வருவதால் அத்தானும் வந்தார். அத்தான் வருவதால் ஆலோசனையும் வந்தது.

அத்தானின் குரல்பதிவுகளைக் கேட்டவர்களுக்கு, ஒன்றைக் கேட்டு முடிப்பதற்குள் கையிலிருக்கும் தேநீர் ஆறிவிடும் என்பது தெரியும். இந்தப் பதிவின் சாரம் இதுதான்: கழகத்தின் பெயர் கிரிம்ஸ்பி டவுன், ரயில் நிலையத்தின் பெயரும் கிரிம்ஸ்பி டவுன், ஆகவே அங்கேதான் இறங்க வேண்டும், மீன்பிடித் துறைமுகம் என்பதால் படகிலிருந்து இறங்கிய மீனை அப்படியே பொரித்துத் தருவார்கள், வீட்டிலிருந்து சாப்பாடு கட்டுவது வீண், கடல் இருக்கும் இடத்தில் கால் நனைக்காமல் வருவது முறையன்று, ஆளுக்கொரு துவாய் வேண்டும், எக்காரணம் கொண்டும் உள்ளூர் ரசிகர்களோடு பேச்சுக் கொடுக்கக் கூடாது. இங்கிலாந்துக்கு வந்த புதிதில் சவுத்எண்டுக்கு ஒருமுறை போய்வந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு இந்நாட்டின் அத்தனை கடற்கரை நகரங்களுக்கும் அவர் சட்டம் வகுத்துவிட்டார். அந்தச் சட்டத்தில் தர்க்கப் பிழை எதையும் நான் இன்றும் காணவில்லை. அதுதான் அதிலுள்ள ஆபத்து.

வெம்பிளி பார்க்கில் மாறிக் கிங்ஸ் குரோஸ் போய், அங்கிருந்து டொன்காஸ்டர் வரை ஒரு ரயிலும், அதன்பின் கிளீத்தோர்ப்ஸ் வரை இன்னொரு ரயிலும் பிடிக்க வேண்டும். மூன்று மணித்தியாலப் பயணம் என்று சொல்வார்கள். டொன்காஸ்டரின் குளிரில் நின்ற நேரத்தை அதில் யாரும் சேர்ப்பதில்லை. வழியில் பார்னெட்பி என்றொரு சிற்றூர் வருகிறது. எங்கள் பெட்டியில் இருந்த பார்னெட் ரசிகர்கள் அந்தப் பெயர்ப்பலகைக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த நாளின் மிகப் பெரிய ஆரவாரம் அதுவாகத்தான் இருக்கும் என்று அத்தான் என் காதில் சொன்னார். அவர் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர். நான்காம் பிரிவு உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் எப்போதும் ஓர் இரக்கம் இருக்கும்.

கிரிம்ஸ்பி டவுன் நிலையத்தில் நடந்ததைத்தான் இப்போது எங்கள் சொந்தத்தில் எல்லோரும் எல்லோரிடமும் விசாரிக்கிறார்கள். கிரிம்ஸ்பி டவுன் கழகம் 1890களின் இறுதியிலிருந்தே விளையாடிவரும் பிளண்டெல் பார்க், கிரிம்ஸ்பியில் இல்லை. அடுத்த ஊரான கிளீத்தோர்ப்ஸில் இருக்கிறது. ஆகவே கடைசி நிலையத்தில்தான் இறங்க வேண்டும் என்று மகன் கைபேசியில் வரைபடத்தை விரித்துக் காட்டினான். அத்தான் அதைப் பார்க்கவும் மறுத்தார். தம் கூற்றை நிறுவுவதற்காக மேடையில் இறங்கி, பெயர்ப்பலகையைக் குடையால் சுட்டிக்காட்டி, ‘கிரிம்ஸ்பி’ என்ற சொல்லை முடித்து ‘டவுன்’ என்ற சொல்லைத் தொடங்கிய நேரத்தில் கதவுகள் மூடிக்கொண்டன. ரயில் நகர்ந்தபோதும் குடை பலகையைக் காட்டியபடியே இருந்தது. அக்கா யன்னல் வழியாக அமைதியாகக் கையசைத்துவிட்டு, கட்லட் பெட்டியைத் திறந்தாள். சாப்பாடு கட்ட வேண்டாம் என்ற கட்டளையை மீறி, டின் மீனில் செய்த கட்லட்டுகளை ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய மீன்பிடித் துறைமுகம் என்று பேரெடுத்த ஊருக்கு அவள் கொண்டுவந்திருந்தாள். சிறிது நேரத்தில் அத்தானிடமிருந்து அழைப்பு வந்தது. தாம் சரியான இடத்தில்தான் இறங்கியிருப்பதாகவும், நாங்கள்தான் தாண்டிப் போய்விட்டதாகவும் தெரிவித்தார்.

கிளீத்தோர்ப்ஸ் நிலையம் கடற்கரையை ஒட்டியே இருக்கிறது. இறங்கி நாலு எட்டு வைத்தால் கடல் என்று நினைத்தோம். கடல் இல்லை. ஹம்பர் ஆற்றின் முகத்துவாரம் அது. நீர் வற்றும் வேளையில் கண்ணுக்கெட்டும் தூரம் வரை மணலும் சேறும்தான். 1873 இல் கட்டிய இறங்குதுறை, தண்ணீரின்றி மணலில் கால் பதித்து நின்றது. தொலைவில் முதலாம் உலகப் போர்க்காலக் கோட்டை ஒன்று தெரிந்தது. நீர் வற்றியிருக்கிறதே என்று அதை நோக்கி நடந்து போகிறவர்களைத் திரும்பி வரும் நீர் சூழ்ந்துகொள்ளும் என்பதால், அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்று உண்மையான ஆலோசனை ஒன்றை இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன். கால் நனைக்க ஆயத்தமாக நின்ற அக்கா, “தம்பி, கடலை எங்கேயடா வைத்திருக்கிறார்கள்?” என்று கேட்டாள். பார்னெட் அணி பார்னெட்டில் இல்லை, கிரிம்ஸ்பி அணி கிரிம்ஸ்பியில் இல்லை, கடற்கரையில் கடல் இல்லை. போதாக்குறைக்குக் கிரீன்விச் தீர்க்கரேகையும் இந்த ஊர் நடைபாதையைத்தான் கடந்து போகிறது. மகன் அதைச் சொன்னபோது அக்கா வியப்படையவில்லை.

மீன் விடயத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. இந்த ஊரில் மீனும் சிப்ஸும் என்றால் ஹடொக்தான், நம்மவர்கள் வழக்கமாகக் கேட்கும் கொட் அன்று. ஆனால் நம் வீட்டு ஆட்கள் கவனிக்க வேண்டியது மீனையன்று, எண்ணெயை. லிங்கன்ஷயர், யோர்க்‌ஷயர் பக்கத்துக் கடைகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதே பெருமைக்குரிய பழைய வழக்கம். அக்கா ஒவ்வோர் இடத்திலும் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டாள். கடைப்பெண் அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு, தாங்கள் அசல் மாட்டுக் கொழுப்பைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று முகம் மலரச் சொன்னாள். அந்த மலர்ச்சியைக் கெடுக்க மனமில்லாமல் அக்கா ஒரு பொதி சிப்ஸ் வாங்கி மகன் கையில் கொடுத்துவிட்டு, கட்லட்டோடு கடல் இல்லாத கடற்கரையில் உட்கார்ந்தாள். அவள் ஆட்டத்துக்குச் சீட்டு வாங்கியிருக்கவில்லை.

மைதானத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். அதன் பிரதான அரங்கத்தின் ஒரு பகுதி 1901 ஆம் ஆண்டினது. வெளியூர் ரசிகர்களுக்கு ஒதுக்கப்படும் ஒஸ்மண்ட் அரங்கத்தில் கூரையைத் தாங்கத் தூண்கள் நிற்கின்றன. இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது எந்தத் தூண் எந்தக் கோல் கம்பத்தை மறைக்கும் என்று கணக்குப் பார்க்க வேண்டும். காற்று ஹம்பர் பக்கமிருந்து வருகிறது. என்ன உடுத்திருந்தாலும் வருகிறது. நியூ கிளீ என்றொரு நிலையம் மைதானத்துக்கு மிக அருகில் இருப்பதை வரைபடத்தில் கண்டு மகிழ்பவர்களுக்கு, அது கேட்டால் மட்டும் உள்ளூர் ரயில்கள் நிற்கும் நிறுத்தம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டம் தொடங்கி நெடுநேரம் கழித்து அத்தான் வந்து சேர்ந்தார். முகத்தில் களைப்பு இல்லை. அது எனக்கு ஐயத்தை ஏற்படுத்தியது. நடந்தது பிறகுதான் தெரிந்தது. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைக்காரர்கள் போகும் திசையில் நடந்தால் மைதானம் வரும் என்ற தர்க்கத்தைப் பின்பற்றி, இரண்டு மைல் தூரத்தை அவர் உள்ளூர் முதியவர் ஒருவரோடு நடந்திருக்கிறார். அந்த முதியவர் நடந்த தூரம் முழுவதும் பேசியது ஒரே ஓர் இரவைப் பற்றி: 2025 ஆகஸ்ட் 27. லீக் கிண்ணத்தின் இரண்டாம் சுற்றில், இதே மைதானத்தில், நான்காம் பிரிவிலிருக்கும் கிரிம்ஸ்பி, மான்செஸ்டர் யுனைடெட்டுடன் 2-2 என்று நின்று, பெனால்டிகளில் 12-11 என்று வென்ற இரவு. அந்த இரவு அத்தான் சாப்பிடாமல் படுத்தார் என்பது அக்கா சொல்லி எங்களுக்குத் தெரியும். அத்தனை பெனால்டிகளையும் வரிசைக் கிரமமாக, ஒவ்வொன்றுக்கும் நின்று காலை உதறிக் காட்டி, அந்த முதியவர் விளக்க, தாம் எந்த அணியின் ரசிகர் என்பதை வாய்திறந்து சொல்லாமல் அத்தான் கேட்டிருக்கிறார்.

ஒரே ஒரு முறைதான் அவரால் பொறுக்க முடியவில்லையாம். அந்த ஆட்டத்தில் இறங்கிய ஒரு வீரரைக் கிரிம்ஸ்பி கழகம் கெடு முடிந்து ஒரு நிமிடம் பிந்திப் பதிவு செய்திருந்தது. அதற்காக 20,000 பவுண் அபராதமும் விதிக்கப்பட்டது. திருமண வீட்டுக்கு முகூர்த்தத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்பே போய் வெற்று மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தானுக்கு, ஒரு நிமிடத் தாமதம் என்பது சிறிய குற்றமன்று. அதைச் சொல்லியே விட்டார். முதியவர் சற்று நேரம் அவரைப் பார்த்துவிட்டு, அந்த இரவுக்கு அந்த விலை மலிவு என்று சொல்லி, தம் கையிலிருந்த காற்றடைத்த பிளாஸ்டிக் மீனை அவருக்கே கொடுத்துவிட்டாராம். ஹரி ஹடொக் என்பது அதன் பெயர். 1989 இல் எஃப்.ஏ. கிண்ணத்தின் ஐந்தாம் சுற்றுக்காக விம்பிள்டனுக்குப் போன கிரிம்ஸ்பி ரசிகர்கள் அதைக் கூட்டம் கூட்டமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அது அவர்களின் கொடி மாதிரி. எதிரணியின் கொடியைத் துவாயால் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, பார்னெட் ரசிகர்களின் நடுவே, என் மகனுக்குப் பக்கத்து இருக்கையில் அத்தான் அமர்ந்தார். வால் வெளியே தெரிந்தது. மகன் எழுந்து போய் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றான். அதனால் ஆட்டத்தின் முடிவை அவனிடம் கேட்டுப் பயனில்லை. எழுதக் கூடாது என்று எனக்கும் உத்தரவு.

நாங்கள் திரும்பியபோது அக்கா கடற்கரையில் இல்லை. ஒரு மீன்கடையில், தராசுக்கு முன்னால், கடைக்கார அம்மாவோடு இருந்தாள். கிரிம்ஸ்பியின் புகையூட்டிய மீனுக்கு 2009 ஆம் ஆண்டு முதல் புவிசார் பாதுகாப்பு இருக்கிறது. உயரமான செங்கற் கூடங்களில் இரவு முழுவதும் குளிர்ந்த புகையில் தொங்கவிடுவார்கள். ஆனால் மீனே பெரும்பாலும் ஐஸ்லாந்திலிருந்தும் நோர்வேயிலிருந்தும் வருகிறது. பிரிட்டனுக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே நடந்து 1976 இல் முடிந்த கொட் மீன் சண்டையில் ஐஸ்லாந்து தன் கரையிலிருந்து 200 மைல் கடலைத் தனதாக்கிக்கொள்ள, கிரிம்ஸ்பியின் தூரக்கடல் இழுவைக் கப்பல்கள் தொழிலின்றிப் போயின. அந்த அம்மாவின் தகப்பனாரும் அப்படிப்பட்ட கப்பலொன்றில் போனவராம். இழுவைப் படகுகளா சிறு மீனவர்களா என்ற பேச்சில் அக்கா வழக்கமாக எந்தப் பக்கம் நிற்பாள் என்பது நம் ஊர்க்காரருக்குத் தெரியும். அன்று அவள் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்கள் அப்பா தொழிலுக்குப் போன இரவுகளில் அம்மா விளக்கை அணைக்காமல் இருந்ததைச் சொல்லியிருக்கிறாள். தன் தாய், கணவர் கப்பலேறும் நாளில் துணி துவைக்க மாட்டார் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். பேச்சு ஓயும்போதெல்லாம், சும்மா நிற்கிறோமே என்ற கூச்சத்தில், அக்கா இன்னும் ஒரு துண்டு மீன் போடச் சொல்லியிருக்கிறாள். மனைவியின் கேள்விக்கு இதுதான் விடை. கடல் எப்போதோ திரும்பி வந்துவிட்டதாம். அக்கா காலை நனைத்ததாகவும், துவாய் அத்தானின் பையில் இருந்ததால் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டதாகவும் சொன்னாள்.

திரும்பும் ரயிலில் எங்களைச் சுற்றி இருக்கைகள் தாராளமாகக் கிடைத்தன.

ஞாயிற்றுக்கிழமை ரேனர்ஸ் லேனில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். அங்கே அத்தான் ரோல்ஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கிரிம்ஸ்பிக்குப் போகிறவர்கள் கடைசி நிலையம் வரை ரயிலிலேயே போவது அறியாமை என்றும், விடயம் தெரிந்தவர்கள் ஒரு நிலையம் முந்தி இறங்கி உள்ளூர் மக்களோடு நடந்து போவார்கள் என்றும் விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் அதைக் கைபேசியில் குறித்துக்கொண்டார்கள். மகன் அடுத்ததாக ஃபிளீட்வுட் ஆட்டத்துக்குப் போக வேண்டும் என்கிறான். அதுவும் கடற்கரை நகரம். அங்கே ரயில் நிலையத்தில் இறங்கியதும் இடதுபக்கம் திரும்ப வேண்டும் என்று அத்தான் சொல்லியிருக்கிறார். அந்த ஊருக்கு 1970 முதல் பயணிகள் ரயிலே கிடையாது.