மருத்துவமனை நூலகமும் பழைய உலாவியும்

மருத்துவமனை நூலகர் என்றால் அலமாரியில் புத்தகம் அடுக்குபவர் என்றுதான் என் உறவினர்கள் இன்றும் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் ஒரு பொது மருத்துவமனையின் நூலகத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிக் கொடுப்பதுதான் முக்கிய வேலை. அதற்கு அடுத்தபடியாக என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது, வார்டுக் கணினிகளில் ஒரு நல்ல உலாவியைப் போடச் சொல்லி ஐ.டி. துறையிடம் வாதாடியதுதான்.

2013-இல் எங்கள் வார்டுகளில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. அதில் உலாவி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8. எக்ஸ்பியை வைத்துக்கொண்டு அதற்கு மேல் போக வழியில்லை. 9-ஆம் பதிப்பு எக்ஸ்பியில் ஓடாது. வெளியுலகம் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. கூகுள் தன் அலுவலகச் சேவைகளில் எக்ஸ்ப்ளோரர் 8-க்கான ஆதரவை 2012 நவம்பரிலேயே நிறுத்திவிட்டது. ஏராளமான இணையதளங்கள் நம்பியிருக்கும் ஜேகுவரி என்ற நிரல் தொகுப்பின் 2.0 பதிப்பு 2013 ஏப்ரலில் வந்தபோது 6, 7, 8 மூன்றையும் கைவிட்டது. ஆய்விதழ்ப் பதிப்பகங்கள் தங்கள் தளங்களைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க, அவை எங்கள் வார்டுகளில் ஒவ்வொன்றாகத் திறக்காமல் போயின.

திறக்காது என்றால் முழுவதும் திறக்காது என்பதில்லை. பக்கத்தின் தலையில் ஒரு மஞ்சள் பட்டை வரும். கடவுச்சொல்லைக் கொடுத்தால் மறுபடியும் அதே பக்கத்தில் வந்து நிற்கும். பிடிஎஃப் பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்காது. இரவுப் பணியில் இருக்கும் இளம் டாக்டர் இதனோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவார்? கைபேசியை எடுத்துக் கிடைத்ததைப் படிப்பார், அல்லது தேடுவதையே விட்டுவிடுவார். கோளாறு உலாவியில் என்று அவருக்கு எப்படித் தெரியும்? 'நூலகம் இந்த இதழை வாங்கவில்லை போலிருக்கிறது' என்றுதான் நினைத்துக்கொள்வார்.

இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. எந்த இதழை எத்தனை பேர் திறந்தார்கள் என்று பதிப்பகங்கள் கவுன்டர் என்ற பொதுத் தரத்தின்படி எங்களுக்குக் கணக்குக் கொடுக்கும். சந்தாவைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். உலாவி ஓடாததால் யாரும் திறக்கவில்லை. யாரும் திறக்காததால் அந்த இதழ் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது. பொதுமக்களின் வரிப்பணத்தில் வாங்கிய இதழ், யாரும் வேண்டாம் என்று சொல்லாமலேயே நின்றுபோகும். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

முதலில் ஐ.டி. துறையிலிருந்து வந்த பதில்கள் எல்லாம் ஒரே மாதிரிதான்: அங்கீகரிக்கப்பட்ட உலாவி இதுதான், மாற்ற இயலாது. இது எங்கள் மருத்துவமனையின் பிடிவாதம் மட்டுமல்ல. எக்ஸ்ப்ளோரர் 6-ஐக் கைவிடச் சொல்லி 6,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவுக்கு 2010-இல் பிரிட்டிஷ் அரசு சொன்ன பதிலும் ஏறத்தாழ இதுவேதான்: மாற்றுவது எளிதல்ல, ஒவ்வொரு மென்பொருளையும் சோதிக்க வேண்டும், செலவாகும்.

குழந்தைகள் வார்டில்தான் வழி பிறந்தது. எடைக்கேற்ற மருந்தளவைத் தரும் ஓர் அட்டவணையை அங்கே ஒரு நர்ஸ் திறந்து வைத்திருந்தார். பழைய உலாவியில் அதன் கட்டங்கள் நழுவி, மில்லிகிராம் எண்கள் ஒரு வரி கீழே இறங்கியிருந்தன. ஒரு குழந்தையின் எடைக்கு நேராக வேறோர் எடைக்குரிய அளவு நின்றது. அவர் அனுபவசாலி, எண்ணைப் பார்த்ததுமே சந்தேகப்பட்டு, அச்சிட்ட கையேட்டை எடுத்துச் சரிபார்த்துவிட்டார். அந்தப் பக்கத்தை அங்கேயே அச்செடுத்தேன். அதே பக்கத்தை நூலகத்தின் தனிக் கணினியில் ஃபயர்பாக்ஸ் என்ற வேறோர் உலாவியில் திறந்து இன்னோர் அச்சும் எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தலைமை மருந்தாளுநரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. என்னோடு ஐ.டி. துறைக்கு வந்தார்.

அங்கே மூத்த பொறியாளர் தன் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ரத்த மாதிரிக் குழாய்களுக்கு லேபிள் அச்சிடும் மென்பொருள் அது. ஆக்டிவ்எக்ஸ் என்ற நுட்பத்தில் எழுதப்பட்டது. எக்ஸ்ப்ளோரர் தவிர வேறு எதிலும் ஓடாது. சோதனைக் கணினியில் அதை வேறோர் உலாவியில் திறந்து காட்டினார். அச்சிடும் பொத்தான் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. "நாளைக் காலை ரத்தம் எடுக்க வருகிறவர் கையில் லேபிள் இருக்காது. யார் பொறுப்பு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவரும் நோயாளியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து பழையதை எடுக்கச் சொல்வதை விட்டுவிட்டேன். அதை உள் மென்பொருட்களுக்கு வைத்துக்கொண்டு, வெளித் தளங்களுக்கு மட்டும் இரண்டாவதாக ஒன்றைக் கொடுங்கள் என்று கேட்டேன். மாதத்துக்கொரு புதுப்பிப்பை யார் சோதிப்பது என்ற அவர்களின் கவலைக்கும் பதில் இருந்தது. பெரிய நிறுவனங்களுக்கென்றே, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும் நீண்டகால ஆதரவுப் பதிப்பை ஃபயர்பாக்ஸ் 2012 ஜனவரியில் தொடங்கியிருந்தது. தளத்துக்கும் கணினிக்கும் இடையே போகும் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்கத்துக்கு எக்ஸ்ப்ளோரர் எக்ஸ்பியை நம்பியிருந்தது. ஃபயர்பாக்ஸ் தனக்கு வேண்டிய மறையாக்கத்தைத் தானே கொண்டுவந்தது. ஆகவே எக்ஸ்பியிலும் பாதுகாப்பான புதிய தளங்கள் திறந்தன. பொறியாளரை அசைத்தது இந்தக் கடைசி விஷயம்தான்.

நிர்வாகக் குழுவுக்கு வேறு மொழி தேவைப்பட்டது. அவர்களுக்கான கடிதத்தில் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பகுதி மருத்துவமனைகளில் நடந்து 1992-இல் வெளியான ஆய்வைச் சேர்த்தேன். நூலகம் தேடிக் கொடுத்த தகவலால் சிகிச்சையில் ஏதோ ஒன்றை மாற்றிச் செய்ததாக அல்லது செய்திருக்கக்கூடும் என்று 80 சதவீத டாக்டர்கள் அதில் சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டு அச்சுப் பிரதிகளையும் கடிதத்தோடு இணைத்தேன். குழந்தைகள் வார்டில் முதலில் ஃபயர்பாக்ஸை நிறுவினார்கள். லேபிள்கள் வழக்கம்போல் வந்தன. பிறகு மற்ற வார்டுகளுக்கும் போனது.

2017 மே 12-ஆம் தேதி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற தீநிரல் தாக்கியது. இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையை நடத்தும் 236 டிரஸ்ட் அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. அது உலாவி வழியாக வந்ததல்ல; இருந்தாலும் பழைய மென்பொருளைத் தொடாமல் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்று அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் யாரும் என்னிடம் சொல்லவில்லை. எக்ஸ்ப்ளோரரும் 2022 ஜூன் 15-ஆம் தேதி ஓய்வு பெற்றது.

இப்போது எட்ஜ் இருக்கிறது, குரோம் இருக்கிறது. கேள்வி இப்போது நீட்சிகளுக்கு, அதாவது உலாவியோடு சேர்க்கும் சிறு துணை நிரல்களுக்கு, மாறியிருக்கிறது. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் ஒரு கட்டுரையைப் பார்த்ததும், நாம் சந்தா கட்டிய முழுப் பிரதிக்கு நேராகக் கொண்டுபோகும் லிப்கீ நோமாட் போன்ற நீட்சியை எல்லாக் கணினிகளிலும் போட வேண்டும் என்கிறேன். நீட்சி பக்கத்தைப் படிக்கும் என்பதால் நோயாளி விவரத்தையும் படித்துவிடுமோ என்கிறார்கள். சரியான கவலைதான். உள் மென்பொருட்களின் முகவரிகளில் மட்டும் அது இயங்காதபடி எல்லாக் கணினிகளுக்கும் ஐ.டி. துறை வைக்கும் விதியிலேயே தடுக்கலாம் என்பது என் யோசனை. உங்கள் மருத்துவமனையில் இப்படிச் செய்திருந்தால் எனக்கு எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப் போகிறேன்.