கடலில் நின்ற இஞ்சின் கரையில் ஓடும்

மும்பை ஹார்பர் லைனில் ரே ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே நடந்தால் தாருகானா. கப்பல் உடைக்கிற இடம், பழைய இரும்புக் கடைகள், அதையெல்லாம் தாண்டினால் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற சேற்றுக்கரை. இங்கே இஞ்சின் வேலை பார்க்கிறவர்களில் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களும் உண்டு. நான் அவர்களில் ஒருவன்.

வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் பெரும்பாலும் லாரி பட்டறையில் பழகியவர்கள். படகில் இருப்பதும் அதே ஆறு சிலிண்டர் டீசல் இஞ்சின்தானே என்று நினைக்கிறார்கள். இரும்பு அதே இரும்புதான். ஆனால் லாரிக்கு முன்னால் ரேடியேட்டர் இருக்கிறது, காற்று அடிக்கிறது. படகில் இஞ்சின் அடித்தட்டுக்குள் மூடிக் கிடக்கும். உள்ளே நல்ல தண்ணீர் சுற்றும். அந்தத் தண்ணீரைக் குளிரவைக்க வெளியிலிருந்து கடல் தண்ணீரை பம்ப் இழுத்து, ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற குழாய்ப்பெட்டி வழியாகத் தள்ளி, சைலன்சர் வழியே திரும்பக் கடலுக்கே அனுப்பும். என்னிடம் வருகிற சூடேறும் புகார்களில் முக்கால்வாசி இந்தக் கடல் தண்ணீர் பாதையில்தான் முடிகிறது. பிஸ்டனையும் நாசிலையும் குடைவதற்கு முன்னால் தண்ணீர் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று பார் என்பேன்.

ஒரு வகைக் கோளாறு உண்டு. நடுக்கடலில் சூடு ஏறி இஞ்சினை நிறுத்துவார்கள். இன்னொரு படகு கட்டி இழுத்து வரும். இங்கே ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே தெரியாது, பச்சைப்பிள்ளை மாதிரி ஓடும். உடனே தெர்மோஸ்டாட்டை மாற்று, ஹெட்டைக் கழற்று என்று ஆரம்பித்துவிடுவார்கள். விஷயம் என்னவென்றால், படகின் அடியில் தண்ணீர் இழுக்கும் வாயில் ஒரு பிளாஸ்டிக் பை வந்து ஒட்டியிருக்கும். இஞ்சின் ஓடும்வரை உறிஞ்சல் அதைப் பிடித்து வைத்திருக்கும்; நிறுத்தியதும் பை தானாகவே விழுந்து மிதந்து போய்விடும். தடயமே இருக்காது. இந்த நகரத்தின் குப்பை ஓடைகள் வழியாகக் கடலில் கலக்கிறவரை இது நிற்கப்போவதில்லை.

அதனால் நான் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் தாண்டேலிடம், அதாவது படகை நடத்துகிறவரிடம், உட்கார்ந்து கேட்பேன். சூடு மெல்ல ஏறியதா, திடீரென்று ஏறியதா? சைலன்சர் வழியாகத் தண்ணீர் வருவது குறைந்ததா? வேகத்தைக் குறைத்ததும் சூடு காட்டும் ஊசி இறங்கியதா? கோலி என்ற மும்பை மீனவ சமூகத்துத் தாண்டேல்களுக்கு இஞ்சின் பாகங்களின் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் சத்தம் மாறிய நிமிஷம் துல்லியமாகத் தெரியும். அவரைப் பேச விடாத மெக்கானிக் நல்ல மெக்கானிக் இல்லை என்பது என் திடமான எண்ணம்.

தடயம் விட்டுப்போகும் கோளாறும் இருக்கிறது. கடல் தண்ணீர் பம்ப்பின் மூடியைத் திறந்தால் உள்ளே ரப்பர் இம்பெல்லர், தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரம். பை அடைத்தாலோ கடல் தண்ணீர் வால்வைத் திறக்காமல் ஓட்டினாலோ அது தண்ணீர் இல்லாமல் சுற்றி, இதழ்கள் வேரோடு பிய்ந்துவிடும். அன்றைக்கு ஒரு படகில் பையன் புது இம்பெல்லரை மாட்டிவிட்டு, “முடிஞ்சுதுண்ணே” என்றான். பழையதில் இரண்டு இதழ் குறைந்தது. “அந்த ரெண்டும் எங்கடா?” என்று கேட்டேன். ஹீட் எக்ஸ்சேஞ்சரின் முனை மூடியைக் கழற்றினோம். மெல்லிய குழாய்களின் வாயில், உப்பும் சிப்பித்தூளும் சேர்ந்து கெட்டியான சேற்றோடு, கறுப்பாக இரண்டு துண்டும் ஒட்டியிருந்தன. எடுக்காமல் விட்டிருந்தால் புது இம்பெல்லர் போட்டும் சூடு குறைந்திருக்காது.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பெரிய வேலையெல்லாம் அப்போதுதான். நேரத்தைக் கடிகாரம் தீர்மானிப்பதில்லை, கடல்தான் தீர்மானிக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கடல் ஏற்றம் நாலரை மீட்டருக்கு மேல் போகும், அதுவும் நடுப்பகல், நள்ளிரவு வாக்கில். அந்த ஏற்றத்தில் கரையேறிய படகு அடுத்த பெரிய ஏற்றத்தில்தான் இறங்கும். அதனால் அந்த இடைவெளியில் வால்வு, குழாய், புரொப்பெல்லர் ஷாஃப்ட், துத்தநாகக் கட்டி எல்லாம் முடிந்தாக வேண்டும். அந்தக் கட்டி மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது. புரொப்பெல்லருக்குப் பதிலாக அது அரிபட்டுப் போகத்தான் வைத்திருக்கிறோம். பெயின்ட் மூடினால் அரிப்பு புரொப்பெல்லரைத் தின்னும்.

ஷாஃப்டையும் கியர் பாக்ஸையும் நேர்கோட்டில் வைப்பதை மட்டும் கரையிலேயே முடிக்க முடியாது. மரப்படகு தரையில் ஒரு வடிவம், மிதக்கும்போது வேறு வடிவம். தண்ணீரில் இறக்கி, பலகை ஊறி நிலைத்த பிறகு, இரண்டும் சேருமிடத்து வட்டத் தகடுகளான ஃப்ளாஞ்சுகளுக்கு நடுவே நாலு பக்கமும் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து அங்குல ஃப்ளாஞ்ச் என்றால் வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குமேல் போகக் கூடாது. கரையில் பார்த்ததே போதும் என்று விட்டால் கியர் பாக்ஸ் சீலும் ஷாஃப்ட் பேக்கிங்கும் சீசன் பாதியிலேயே ஒழுக ஆரம்பிக்கும்.

ஜூலை கடைசியில் எல்லோருக்கும் அவசரம். டீசல் செலவாகும் என்று முதலாளிகள் ஓட்டிப் பார்ப்பதை வெட்டப் பார்க்கிறார்கள். நான் விடுவதில்லை. துறைமுகத்துக்குள்ளேயே ஒரு மணி நேரம், கியர் போட்டு, முழு இழுவையில் ஓட வேண்டும்; தாண்டேலும் கூட இருக்க வேண்டும். சும்மா நிறுத்திவைத்து உறுமவிட்டால் எந்த இஞ்சினும் சூடாகாது. ஓட்டி முடித்ததும் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பேன், பெல்ட்டையும் கிளிப்புகளையும் ஒருமுறை இறுக்குவேன், உதிரி இம்பெல்லர் ஒன்று படகில் இருக்கிறதா என்று கேட்பேன். இல்லையென்றால் ஐஸ் ஏற்றுவதற்கு முன் கடைக்கு ஆள் போகும்.