விரலில் எலும்புக் கட்டி: சுரண்டுவது பாதி வேலை, மடக்குவது மீதி

வாளியைத் தூக்கும்போது, பந்தைத் தட்டும்போது, கதவில் லேசாக இடித்துக்கொண்டபோது சுண்டுவிரல் எலும்பு முறிந்தால் சந்தேகப்பட வேண்டும். நல்ல எலும்பு இவ்வளவு சுலபத்தில் முறியாது. எக்ஸ்ரே எடுத்தால், எலும்புக்குள் கருப்பாக ஒரு குழி, அதில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள், சுற்றிலும் முட்டை ஓடு போல மெலிந்த எலும்பு என்று தெரியும். பெரும்பாலும் அது என்காண்ட்ரோமா, அதாவது எலும்புக்குள்ளேயே வளரும் குருத்தெலும்புக் கட்டி. கை எலும்புகளில் தோன்றும் கட்டிகளில் இதுதான் மிக அதிகம். விரலின் அடிக்கணுவில்தான் அடிக்கடி வரும், அதிலும் சுண்டுவிரல் பக்கம் கூடுதல்.

நாட்டுக்கட்டுப் போடப் போகிறவர்கள் ஒரு படமாவது எடுத்துவிட்டுப் போகலாம். கட்டுப் போட்டால் முறிந்த எலும்பு ஒட்டிவிடும், ஆனால் உள்ளே கட்டி அப்படியே இருக்கும். அடுத்த முறை அதே இடத்தில் முறியும்.

கட்டி என்றதும் புற்றுநோய்ப் பயம் வரும். ஒற்றை விரலில் ஒற்றைக் கட்டி புற்றாக மாறுவது மிக அரிது. பல எலும்புகளில் கட்டிகள் இருந்தால் (ஒல்லியர் நோய்), அவற்றோடு ரத்தநாளக் கட்டிகளும் சேர்ந்திருந்தால் (மஃபூச்சி நோய்), புற்றாகும் வாய்ப்பு நிஜமாகவே உண்டு. அவர்களை வாழ்நாள் முழுக்கக் கவனிக்க வேண்டும். முறிவே இல்லாமல் வலிப்பது, சீக்கிரமாகப் பெருப்பது, எலும்பைத் துளைத்து வெளியே வருவது ஆகியவையும் எச்சரிக்கைதான். அப்போது எம்.ஆர்.ஐ., பயாப்ஸி (திசுவை எடுத்துச் சோதிப்பது) இல்லாமல் கத்தியை எடுக்கக் கூடாது. ராத்திரியில் அதிகமாகி, ஐபுரூஃபன் போட்டதும் அடங்கும் வலி என்றால் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற இன்னொரு எலும்புக் கட்டியைத் தேட வேண்டும். அது வேறு கதை.

பயாப்ஸியிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. விரல் என்காண்ட்ரோமாவில் செல்கள் நெருக்கமாக இருக்கும். அதே திசு தொடை எலும்பிலிருந்து வந்திருந்தால் ஆரம்பநிலைப் புற்று என்றுகூடச் சொல்லத் தோன்றும். அதனால் எந்த எலும்பு என்று எழுதி, எக்ஸ்ரேயையும் சேர்த்து நோயியல் நிபுணருக்கு அனுப்ப வேண்டும். திசு டப்பா மட்டும் போனால் அறிக்கை குழப்பும்.

எதேச்சையாகத் தெரிந்த, வலியில்லாத சின்னக் கட்டிக்கு அறுவை தேவையில்லை. அவ்வப்போது படமெடுத்துப் பார்த்தால் போதும். எலும்பு ரொம்ப மெலிந்திருந்தால், வலித்தால், ஏற்கெனவே முறிந்திருந்தால் சுரண்டி எடுப்பது நல்லது. முறிந்த விரலில், முறிந்த எலும்பு ஒட்டட்டும் என்று சில வாரம் பொறுத்துச் செய்வோரும் உண்டு, உடனே செய்வோரும் உண்டு. துண்டுகள் விலகாமல் இருந்தால் பொறுப்பதே மேல் என்பது என் கட்சி. ஒட்டிய எலும்பில் வேலை செய்வது எளிது. துண்டுகள் விலகியோ திருகியோ இருந்தால் காத்திருக்கக் கூடாது.

அறுவையில், புஜத்தில் டூர்னிக்கெட் (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டை) கட்டி, விரலின் பக்கவாட்டிலோ முதுகிலோ தோலைத் திறப்பார்கள். மெல்லிய கம்பியால் எலும்பில் வரிசையாகத் துளை போட்டு, துளைகளைச் சின்ன உளியால் இணைத்தால் ஒரு ஜன்னல் திறக்கும். உள்ளே நீலம் பாய்ந்த வெள்ளையாகப் பளபளக்கும் திசு. நுங்குச் சதையில் மணல் கலந்தது மாதிரி, க்யூரெட்டில் (சுரண்டும் கரண்டி) நறநறக்கும். தவறு நடப்பது மூலைகளில்தான். ஜன்னல் சின்னதாக இருந்தால் மூட்டை ஒட்டிய மூலையில் கொஞ்சம் தங்கிவிடும், அங்கிருந்தே திரும்ப வளரும். ஜன்னலைத் தேவைக்கு அகலப்படுத்தி, பர் (சுழன்று தேய்க்கும் கருவி) கொண்டு சுவரைத் தேய்த்து, கழுவி, சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவியில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

குழியை எதனால் அடைப்பது? இடுப்பெலும்பிலிருந்து எடுத்தால், விரலைவிட இடுப்பு அதிகம் வலிக்கும். மணிக்கட்டுக்கு மேலே ரேடியஸ் எலும்பிலிருந்தே போதிய அளவு கிடைக்கும், கால்சியம் ஃபாஸ்பேட் பசையும் வைக்கலாம். சிறிய குழியாக இருந்து, சுவர் உறுதியாகவும் இருந்தால் எதுவும் வைக்காமலே எலும்பு நிறைந்துவிடும்.

இத்தனை செய்தும் கெடுவது விரல் இறுகிப்போவதால்தான். தசைநாண் எலும்போடு ஒட்டிக்கொள்ளும். பயத்தில் நான்கைந்து வாரம் விரலை நீட்டியே கட்டிவைத்தால், பிறகு மடங்க மறுக்கும். ஸ்பிளிண்ட் (விரலைத் தாங்கும் பட்டை) போடுவதானால், விரல் உள்ளங்கையோடு சேரும் முட்டி 70 டிகிரி மடங்கியிருக்க வேண்டும், விரலின் மேல் இரண்டு மூட்டுகளும் நேராக இருக்க வேண்டும். முட்டியை நீட்டி வைத்தால் பக்கவாட்டுத் தசைநார் சுருங்கிவிடும். எலும்பு தாங்கும் என்று மருத்துவர் சொன்னால், முதல் வாரத்திலேயே பக்கத்து விரலோடு டேப் ஒட்டி மடக்கத் தொடங்கலாம். தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். வீக்கம் இருக்கும்வரை கையை நெஞ்சு உயரத்துக்கு மேலே வைத்திருக்க வேண்டும். ஜன்னல் போட்ட எலும்பு பலப்படும்வரை பளு தூக்குவதும் பந்து பிடிப்பதும் கூடாது.

குழி நிறைய மாதங்கள் ஆகும். ஓரத்தில் கொஞ்சம் கருப்பு மிஞ்சியிருந்தாலே கட்டி திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. முந்தைய படத்தைவிடக் கருப்பு பெரிதாகியிருந்தால்தான் சந்தேகம். அதற்கு முந்தைய படம் கையில் இருக்க வேண்டும், பழைய பிலிம்களைத் தூக்கிப் போடாதீர்கள்.