ஒன்றா, ஒருவரா?

"நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்கிறார் இயேசு (யோவான் 10:30). பிதாவும் குமாரனும் ஒரே ஆள்தான் என்பவர்கள் முதலில் காட்டுவது இந்த வசனத்தைத்தான். கிரேக்கத்தில் இருப்பது 'ஹென்', அதாவது ஒன்று. ஒருவர் என்றால் 'ஹெய்ஸ்' என்று வந்திருக்கும். வினையும் பன்மை. நம் தமிழில் 'ஒன்றாய்', 'இருக்கிறோம்' இரண்டுமே அப்படியே நிலைத்திருக்கின்றன, எவ்வளவு அழகு!

பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவம் பேசுகிறவர்களே, நீங்களும் 1 யோவான் 5:7-ஐத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பழைய தமிழ் பைபிளில் உள்ள "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" வரி பழைய கிரேக்கக் கைப்பிரதிகளில் கிடையாது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்ட அறிஞர் எராஸ்மஸ், தன் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை, 1522இல்தான் சேர்த்தார். இது தெரிந்தவர் எதிரே உட்கார்ந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். மத்தேயு 3:16-17ஐ எடுங்கள்: குமாரன் கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப்போல இறங்குகிறார், வானத்திலிருந்து பிதாவின் சத்தம். மூன்றும் ஒரே வேளையில்.